தனசீலன் செய்த பஸ்ஸர்

செம்பூரில் எங்கள் சபைக் கமிட்டிக்கு ஒரு விஷயத்தில் முடிவெடுக்க வேண்டுமென்றால் முதலில் டீ குடிக்கும். பிறகு அந்த விஷயத்தைத் தள்ளிப்போடும். தள்ளிப்போடவே முடியாது என்று ஆகிவிட்டால் போட்டி வைத்துவிடும். சாக்கு ஓட்டம் வைத்துப் பொருளாளரைத் தேர்ந்தெடுக்காததுதான் பாக்கி.

கிளாராவின் மாலை வகுப்பும் அப்படித்தான் போட்டிக்கு வந்தது.

கிளாரா ஆண்டாப் ஹில் பெண். பகலில் குர்லாவில் பை தைக்கும் பட்டறையில் சூப்பர்வைசர். சாயங்காலம் பஸ் இறங்கியதும் நேரே அங்குள்ள எங்கள் சபை ஜெபக்கூடத்துக்குப் போய், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லித் தருவாள். காசு கிடையாது. கூட்டம் எப்படி என்றால், உள்ளே ஒரு பிள்ளை மூச்சை விட்டால்தான் இன்னொன்று இழுக்க முடியும். அந்த ஜெபக்கூடத்தின் மேல்தான் தனசீலன் கண் வைத்தார்.

தனசீலன் எங்கள் கமிட்டி மெம்பர். ஸ்டேஷன் பக்கம் ஒரு மிட்டாய்க் கடைக்கு மேல் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்துகிறார். வாசல் போர்டில் ‘வேர்ல்ட்’ என்று ஒரு வார்த்தை இருக்கும். உள்ளே போனால் உலகம் இரண்டு மேஜையில் முடிந்துவிடும். அங்கே கற்றுத் தருவது பேசிக் என்கிற பழைய கம்ப்யூட்டர் மொழி. ஏனென்றால் சில பள்ளிப் புத்தகங்களில் இன்னும் பேசிக்தான் இருக்கிறது. உலகம் கையில் இருக்கிற போனோடு பேசிக்கொண்டு எங்கோ போய்விட்டது. பாடப்புத்தகம் போகவில்லை. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தனசீலனும் போகவில்லை.

“ஆண்டாப் ஹில்ல ஒரு பிராஞ்ச் திறந்துருவோம், பாஸ்டர்” என்றார் கமிட்டியில். “அந்தச் சிஸ்டர் நல்ல பிள்ளதான். ஆனா குவாலிஃபிகேஷன் வேணும்லா?”

பாஸ்டருக்கு யாரையும் மனம் நோகடிக்கப் பிடிக்காது. அதனால் எல்லாருடைய மனமும் நோகிற மாதிரி ஒரு தீர்ப்புச் சொன்னார். சபை ஆண்டு விழாவில் பொது அறிவு வினாடி வினா. செம்பூர் அணிக்கும் ஆண்டாப் ஹில் அணிக்கும் போட்டி. கிளாராவின் அணி ஜெயித்தால் வகுப்பு அவளிடமே இருக்கும். தோற்றால் ஜெபக்கூடம் சாயங்காலங்களில் தனசீலனுக்கு. செம்பூர் அணிக்குத் தலைவன் சுபின், தனசீலனின் அக்காள் மகன். கேள்வி கேட்பவர் தனசீலன். இவ்வளவு நியாயமான போட்டியை நான் பார்த்ததே இல்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் ஜெயசீலி. ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில், கம்ப்யூட்டர் பிரிவில் காலம் தள்ளியவள். நான் தட்டிய தட்டில் கீபோர்டுகள் மட்டுமல்ல, மூன்று மேனேஜர்களும் தேய்ந்து போனார்கள். இப்போது ரிட்டயர்டு. அடுத்தவர் முட்டாள்தனத்தை வேடிக்கை பார்ப்பது தவிர வேறு வேலை கிடையாது. செம்பூரில் அதற்கே ஓவர்டைம் பார்க்க வேண்டியிருக்கிறது.

விழாவுக்கு முந்தின நாள் சபை ஹாலில் ஒத்திகை. ஆபீஸ் அறையில் போர்வை போர்த்திக் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தனசீலன் தூக்கி வந்து நடு மேஜையில் வைத்திருந்தார். யானைக்குட்டி மாதிரி மானிட்டர், அதற்கு முன்னால் ஒரு கீபோர்டு.

“எலக்ட்ரானிக் பஸ்ஸர்! என் சொந்த புரோகிராம்” என்று மைக்கில் முழங்கினார். ஹாலில் நாங்கள் ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம். மைக் இல்லாமல் பேசினால் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். “ஆண்டாப் ஹில்லுக்கு இடது ஓரத்து ஏ பட்டன். செம்பூருக்கு வலது பக்கத்து எல் பட்டன். யாரு முதல்ல அமுக்குதாங்களோ, அந்த டீம் பேரு ஸ்கிரீன்ல வரும்.”

ஒரு மாதிரிக் கேள்வி கேட்டார். சுபின் பாய்ந்து எல் பட்டனை அமுக்கினான். கிளாரா ஏயை அமுக்கினாள். ஒன்றும் வரவில்லை. திரையில் ஒரு கேள்விக்குறி மட்டும் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. சுபின் இன்னும் ஓங்கி அமுக்கினான். பக்கத்து பில்டிங்கில் சுவரில் ஆணி அடிக்கிறார்களோ என்று வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். திரையில் ஏயும் எல்லும் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போயின.

“மாமா, இது ஹேங் ஆயிட்டு” என்றான் சுபின்.

“ஹேங்கா? என் புரோகிராமா?” தனசீலன் வந்து என்டரைத் தட்டினார். வெற்றி பெற்ற அணி என்று போட்டு, அதன் பக்கத்தில் அந்த ஏ-எல் ரயில் முழுவதையும் காட்டியது கம்ப்யூட்டர்.

நான் சிரித்த சிரிப்பில் ஃபேன் ஒரு சுற்று கூடச் சுற்றியது.

“தம்பி, இன்புட்னு எழுதியிருக்கீங்க. அது கவர்மெண்ட் ஆபீஸ் கவுண்டர் மாதிரி. நீங்க என்ன கத்துனாலும் தல நிமிராது. எல்லாம் சொல்லி முடிச்சு, என்டர்னு முத்திர குத்தினாத்தான் வாங்கிப் பாக்கும். ஒங்களுக்கு வேண்டியது இன்கீ. அது ஜன்னல் ஓரத்துல நிக்கிற பக்கத்து வீட்டுக்காரி. ஒரு பட்டன் அமுங்கினாப் போதும், என்டருக்குக் காத்திருக்காது, ஒடனே புடிச்சுக்கிடும்.”

“அக்கா” என்றார் தனசீலன், குழந்தையிடம் பேசுகிற குரலில். “ஒங்க காலம் வேற. இதெல்லாம் அட்வான்ஸ்டு புரோகிராமிங்.”

“அட்வான்ஸ்டு புரோகிராமிங்ல என்டர் அடிக்கணும்னு ஆளுகளுக்குச் சொல்லணும்லா?”

“ரிலாக்ஸ், அக்கா.”

“இன்னொண்ணும் சொல்லுதேன், கேளுங்க. இன்கீ போட்டா, கேள்விக்கு முன்னால பழைய எழுத்து எதுவும் உள்ள கெடக்கான்னு பாத்து...”

அவர் மைக்கைத் தட்டி ‘ஹலோ, டெஸ்டிங்’ என்று ஆரம்பித்துவிட்டார். தனசீலன் ஹலோ சொல்ல ஆரம்பித்தால் நடுவில் பூகம்பம் வந்தாலும் அது முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து சாப்பாடும் முடிந்து, ஜனங்கள் ஏப்பத்தோடு ஹாலில் உட்கார்ந்தார்கள். ஆண்டாப் ஹில்லிலிருந்து கிளாராவின் மாணவர்களுடைய அம்மாமார்கள் வந்து பின் பெஞ்சுகளை நிரப்பியிருந்தார்கள். வகுப்பு போனால் சாயங்காலத்தில் பிள்ளைகள் ரோட்டில்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். வினாடி வினா பார்க்க வந்தவர்கள் மாதிரி அல்ல, ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள்.

“நேத்து ராத்திரி ஒரு புது டெக்னிக் கண்டுபிடிச்சேன். அதோட பேரு இன்கீ” என்று மைக்கில் அறிவித்தார் தனசீலன். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த என்னை அவர் பார்க்கவில்லை. நான் அவரை நன்றாகப் பார்த்தேன்.

புது டெக்னிக்கோடு ஒரு புது அலங்காரமும் வந்திருந்தது. ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் அவருடைய பெயர், இரண்டு பக்கமும் நட்சத்திரம் மின்ன, திரையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஊர்ந்து போகும். அது போய் முடிந்த பிறகுதான் கேள்வி திறக்கும். அந்தப் பெயர் ஊர்ந்த வேகத்தைப் பார்த்தால் ஹார்பர் லைன் ரயிலுக்கே கர்வம் வந்துவிடும். எங்கள் சபையில் ஒரு கல்யாணப் பேச்சு அந்த இடைவெளியில் தொடங்கி நிச்சயதார்த்தம் வரைக்கும் போய்விட்டது.

அது தவிர பஸ்ஸர் வேலை செய்தது. இல்லை என்று சொன்னால் பாவம். சுபின் அமுக்கினான், செம்பூர் என்று வந்தது. கிளாரா அமுக்கினாள், ஆண்டாப் ஹில் என்று வந்தது. மகாராஷ்டிராவில் உயரமான சிகரம் எது என்று கேட்டதற்குக் கிளாரா கல்சுபாய் என்றாள். சுபின் முதலில் அமுக்கிவிட்டு எவரெஸ்ட் என்றவன். இப்படியே ஏறி இறங்கி இரண்டு அணியும் சமமாக வந்து நின்றன. மீதி ஒரே ஒரு கேள்வி.

“இந்தக் கேள்விதான் டிசைடிங் கேள்வி!” என்றார் தனசீலன். “கேள்விக்கு முன்னால பட்டன் அமுக்குனா பாயிண்ட் மத்த டீமுக்கு. ஒரு சின்ன ஜெபம் செய்துட்டு ஆரம்பிப்போம். எல்லாரும் கண்கள மூடுங்க.”

எங்கள் ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது வீடோ ஸ்கூட்டரோ ஃபிரிட்ஜோ, எதை ஆசீர்வதிப்பதானாலும் அதன் மேல் கை வைத்துத்தான் ஜெபிக்க வேண்டும். சும்மா தூரத்தில் நின்று ஜெபித்தால் ஃபிரிட்ஜ் குளிராது என்று நம்பிக்கை. தனசீலன் திரையில் தன் பெயரை ஊர விட்டார். கடைசிக் கேள்வி என்பதால் அதை இன்னும் மெதுவாக ஊரும்படி எழுதியிருந்தார். வலது கையில் மைக். அந்தக் கையிலிருந்து மைக்கைப் பிரிக்க ஆபரேஷன்தான் செய்ய வேண்டும். ஆகவே இடது கையைக் கீபோர்டின் இடது பக்கத்தில் விரித்து வைத்து, கண்ணை மூடி, ஆரம்பித்தார்.

சின்ன ஜெபம் செம்பூரில் கிளம்பி, வாஷி பாலம் தாண்டி, டெல்லிக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டில் வேலை பார்க்கிற தன் மைத்துனனையும் நலம் விசாரித்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தது. உருக்கம் கூடக் கூட, கையும் அழுந்தியது. நடுவில் கம்ப்யூட்டர் ‘பீப்’ என்றது. விடாமல் பீப், பீப் என்றது. எனக்குப் பின்னால் யாரோ ஒரு அம்மாள் மெஷினும் ஆமென் சொல்கிறது என்று நினைத்து, அதற்கும் சேர்த்து ஒரு ஆமென் போட்டாள்.

ஜெபம் முடிந்தது. கையை எடுத்தார். ஜனங்கள் கண்ணைத் திறந்தார்கள். நட்சத்திரம் மறு ஓரத்தைத் தொட்டது. கேள்வியைப் படிக்கத் தனசீலன் வாயைத் திறப்பதற்குள், வெற்றி இசையோடு திரையில் பளிச்சிட்டது: ஆண்டாப் ஹில்.

சுபின் முதலில் கத்தினான். “அரே, கேள்வியே கேக்கல!”

தனசீலன் முகம் மெல்லப் பெரிதாகியது. அதிர்ஷ்டம் வீடு தேடி வந்தால் மனிதர் முகம் அப்படித்தான் ஆகும். “கிளாரா சிஸ்டர்” என்றார். “ஜெபத்துல கண்ண மூடச் சொன்னா, அந்த நேரத்துல பட்டன் அமுக்குதீங்களா?”

“நான் தொடல, அண்ணாச்சி.”

“பின்ன பிசாசா தொட்டுது? கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. ஏ அமுங்கியிருக்கு. ஏ ஒங்க பட்டன்.” பாஸ்டர் பக்கம் திரும்பினார். “பாயிண்ட் செம்பூருக்கு. அதுகூடப் பெரிசில்ல, பாஸ்டர். ஜெபத்துல திருடுற டீச்சருகிட்ட பிள்ளைகள எப்பிடி விட முடியும்?”

இதை மைக்கில் சொன்னார். பின் பெஞ்சில் ஓர் அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கிளாராவின் கழுத்து சிவந்தது. ஜெபிக்கும்போது கோத்திருந்த விரல்களை அவள் இன்னும் பிரிக்கவில்லை.

பாஸ்டர் எழுந்தார். “யாராவது பாத்தீங்களா?”

இதைவிடச் சிக்கலான கேள்வியைத் தனசீலனே தயார் செய்திருக்க முடியாது. பார்த்தேன் என்று சொன்னால் ஜெபத்தில் கண்ணைத் திறந்திருந்தேன் என்று அர்த்தம். எங்கள் சபையில் பாதிப் பேர் ஜெபத்தில் கண்ணைத் திறந்திருப்பார்கள். மீதிப் பாதி தூங்கும். இரண்டு பாதியும் இப்போது தரையைப் பார்த்தன.

“நான் பாத்தேன்” என்றேன். “கிளாராவோட கை ரெண்டும் அவ மடியிலதான் இருந்துச்சு. இப்பவும் அங்கதான் இருக்கு, பாருங்க.”

“அப்போ நீங்க ஜெபிக்கலயா, அக்கா?”

“நீங்க ஜெபிச்சதே எங்க பரம்பரைக்கே போதும், தம்பி.”

“ஜெபத்துல கண்ணத் தொறக்குறவங்க சாட்சி செல்லாது, பாஸ்டர்.”

பாஸ்டர் காதைச் சொறிந்தார். சாட்சி செல்லாது என்று அவர் சொல்லப் போவது காதிலேயே தெரிந்தது.

“சரி, என் சாட்சி வேண்டாம்” என்றேன். “தனசீலன் தம்பி அந்த ஜெபத்த இன்னொரு தரம் செய்யட்டும். அதே மாதிரி, கை வச்சு. கிளாராவும் சுபினும் வாசல்கிட்டப் போயி கையத் தூக்கிக்கிட்டு நிக்கட்டும். மெஷின் என்ன சொல்லுதுன்னு பாப்போம்.”

தனசீலன் தயங்கினார். ஆனால் ஜெபிக்கச் சொல்லி, அதுவும் மைக்கோடு சொல்லி, அவர் மறுத்ததாகச் சரித்திரம் இல்லை. தவிர, கம்ப்யூட்டர் தன் பக்கம் என்று உண்மையாகவே நம்பினார். அறியாமைக்கு ஒரு வசதி உண்டு, பயம் இருக்காது. கிளாராவும் சுபினும் வாசலுக்குப் போய், போலீஸ் பிடித்த மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். தனசீலன் பெயரை ஊர விட்டார். இடது கையை விரித்து வைத்தார். கண்ணை மூடினார்.

அவர் மட்டும்தான் மூடினார். ஹாலில் மற்ற எல்லார் கண்ணும் அந்தக் கையின் மேல் இருந்தது.

வாஷி பாலத்துக்கு வரும்போதே அவருடைய மோதிர விரலும் சுண்டு விரலும் ஏ பட்டனின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டன. பாஸ்டர் எட்டிப் பார்த்தார். ஒருவர் பெஞ்சு மேல் ஏறிப் பார்த்தார். டெல்லியில் அழுத்தம் கூடியது. பீப் என்றது கம்ப்யூட்டர். முதலில் சிரித்தது அவருடைய மனைவி பிரேமலதாதான். அடக்கப் பார்த்து, அது மூக்கு வழியாக வந்துவிட்டது. அதோடு ஹால் முழுவதும் உடைந்தது. தனசீலன் அதைத் தன் ஜெபத்தில் ஜனங்களுக்கு உண்டான பரவசம் என்று எடுத்துக்கொண்டு, மைத்துனனுக்கு இரண்டு வேண்டுதல் கூடப் போட்டார். ஆமென் என்று கையை எடுத்துக் கண்ணைத் திறந்தார். இசை முழங்கியது. ஆண்டாப் ஹில்.

வாசலில் கிளாரா இன்னும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

“கீபோர்டுக்கும் புரோகிராமுக்கும் நடுவுல ஒரு சின்ன காணிக்கப் பெட்டி இருக்கு, பாஸ்டர்” என்றேன். “இவரு பேரு ஸ்கிரீன்ல ஊர்வலம் போற நேரத்துல, அமுங்குற எழுத்தெல்லாம் அதுல விழுந்து கெடக்கும். நெறஞ்சா பீப்னு கத்தும். ஊர்வலம் முடிஞ்சு இன்கீ வந்து மொத எழுத்த எடுக்கும். கேள்விக்கு முன்னால பெட்டியக் காலி பண்ணணும். நேத்து அதத்தான் சொல்ல வந்தேன், தம்பி ஹலோ சொல்லிக்கிட்டு இருந்தாரு.”

“டெக்னிகல் கட்பட்” என்றார் தனசீலன், மைக்கில். “கம்ப்யூட்டர்னா சின்னக் கோளாறு வரத்தான் செய்யும். யாரு மேலயும் தப்பு இல்ல.”

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்ற அதே வாய். அந்த வாக்கியம் ஹாலை விட்டு வெளியே போய் கேட்டைத் தாண்டியிருக்காது.

பாஸ்டர் கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லி, கேள்விச் சீட்டைத் தானே வாங்கினார். பதில் தெரிந்தவர் கையைத் தூக்கினால் போதும் என்றார். மனித குலம் பஸ்ஸர் இல்லாமலே கேள்வி கேட்டு வந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது போல. “மித்தி ஆறு எங்கே போய்க் கடலில் சேருகிறது?”

சுபின் கையைத்தான் முதலில் பார்த்தார். “வசாய்!” என்றான் சுபின். ஆற்றைக் கொண்டுபோய் அடுத்த மாவட்டத்தில் விட்டான்.

“மாஹிம்” என்றாள் கிளாரா. “மழைக்கு எங்க பட்டறைக்குள்ள வந்துட்டுத்தான் போவும், பாஸ்டர். எங்க போவுதுன்னு எங்களுக்குத் தெரியாதா?”

பின் பெஞ்சுகள் எழுந்து நின்றன. வகுப்பு கிளாராவிடமே இருக்கும் என்று பாஸ்டர் அறிவித்து, கேடயத்தை நீட்டினார். அதில் ஒரு பித்தளைப் புறா ஒட்டியிருந்தது, காக்கையைப் பார்த்துச் செய்தது. கிளாரா கையை நீட்டவில்லை.

“அண்ணாச்சி” என்றாள். “கம்ப்யூட்டரு என்னைத் திருடின்னு சொல்லல. நீங்கதான் சொன்னீங்க.”

“அது... தெரியாமச் சொல்லிட்டேன், சிஸ்டர்” என்றார் தனசீலன். வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கை இடுப்புக்குக் கீழே பிடித்திருந்தார்.

“மைக்குல, அண்ணாச்சி. அதுலதான சொன்னீங்க? நாளைக்கி இவங்க பிள்ளைங்கதான் என் முன்னால வந்து உக்காரும்.”

பாஸ்டர் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு மேற்கூரையை ஆராய்ந்தார். உதவிக்கு வர மாட்டார் என்று தனசீலனுக்குப் புரிந்தது. பிரேமலதாவைப் பார்த்தார். அவள் சொல்லுங்க என்பது போல் தலையை அசைத்தாள்.

மைக் மேலே வந்தது. “கிளாரா சிஸ்டர் திருடல. பட்டன அமுக்குனது நான்.”

அவ்வளவு சுருக்கமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

“பின் பெஞ்சுக்குக் கேக்கல” என்றாள் கிளாரா.

இன்னொரு தரம் சொன்னார். அவளுக்குப் போதும் என்று தோன்றியது. கேடயத்தை வாங்கிக்கொண்டு, அம்மாமார்களைப் பார்த்து, “நாளைக்கு டைமுக்கு அனுப்பிருங்க, பின்னங்கள் ஆரம்பிக்கோம்” என்றாள்.

நான் முன் வரிசையில், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். சபை என்னை மன்னிக்கட்டும்.

“எனக்கும் சரியாக் கேக்கல, தம்பி” என்றேன்.